சப்பை மூக்கு ரிவால்வர்: குறைந்த விலையில் வாங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே 20 வருடமாகக் குடியிருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த பிறகுதான் முதல் ரிவால்வர் வாங்கினேன். இப்போது மூன்று இருக்கின்றன, மூன்றும் விலை குறைந்த சின்ன ரகம். சனிக்கிழமை காலை ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்குப் போகும்போது நம் ஆட்கள் நாலைந்து பேர் கூட வருவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும், நானும் மற்றவர்களும் பட்டுத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சப்பை மூக்கு என்று எதைச் சொல்கிறார்கள்?

குழல் 2 அங்குலத்தை ஒட்டி இருக்கும் குட்டை ரிவால்வரை. மூக்கை நறுக்கிவிட்ட மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். கோல்ட் கம்பெனி 1927ல் கொண்டுவந்த டிடெக்டிவ் ஸ்பெஷல் இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது; அதில் 6 தோட்டா. 1950ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதைவிடச் சின்ன உடம்பில் 5 தோட்டா போடும் சீஃப்ஸ் ஸ்பெஷலை வெளியிட்டது. அந்த உடம்பளவுக்கு அவர்கள் வைத்த பெயர் ஜே ஃபிரேம். இன்றைக்கு விற்கிற சின்ன ரிவால்வர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் சாயல்தான். இரும்பில் செய்தது 600 கிராம் அளவில் இருக்கும். அலுமினியக் கலவை உடம்பு என்றால் 400 கிராம் சொச்சம், அதாவது அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் குறைவு. இந்த எடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிற பாதிப் பதில்களுக்கு இதுதான் காரணம்.

குறைந்த விலை என்றால் எந்தெந்தத் துப்பாக்கி?

300 முதல் 400 டாலருக்குள் புதிதாகக் கிடைப்பவற்றைச் சொல்கிறேன். முதலில் வருவது பிரேசிலின் டாரஸ். அவர்களுடைய பழைய மாடல் 85ல் 5 தோட்டா, இப்போது அதிகம் விற்கிற 856ல் 6. டாரஸுக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கும் ஒரு பழைய உறவு உண்டு: ஸ்மித் அண்ட் வெஸ்ஸனை வைத்திருந்த பாங்கோர் புன்டா நிறுவனம் 1970ல் டாரஸின் பெரும்பங்கையும் வாங்கியது, 1977 வரை வைத்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாயல் தெரிவதில் ஆச்சரியமில்லை. பிரேசிலின் இன்னொரு பழைய பெயர் ரோஸி, 1889ல் தொடங்கியது.

அமெரிக்காவிலேயே செய்வது வேண்டும் என்றால் கனெக்டிகட்டின் சார்ட்டர் ஆர்ம்ஸ். 1964ல் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய முதல் துப்பாக்கியான அண்டர்கவர் இன்றும் விற்பனையில் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் மரிகினா நகரத்து ஆர்ம்ஸ்கோர், ராக் ஐலண்ட் என்ற பெயரில் எம்206 என்று ஒன்றை விற்கிறது. 6 தோட்டா, முழு இரும்பு, கொஞ்சம் கனம், கோல்ட் டிடெக்டிவின் உருவம்.

இதற்கு ஒரு படி மேலே போனால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, ரூகரின் எல்சிஆர். எல்சிஆர் 2009ல் வந்தபோது அதன் உடம்பில் ஒரு பகுதி பாலிமர் என்று பலர் முகம் சுளித்தார்கள். ட்ரிகரை இழுத்துப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்; அவ்வளவு வழவழப்பு. பணம் கொஞ்சம் கூடப் போட முடிந்தால், இந்த இரண்டில் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் தேடச் சொல்வேன். சின்ன ரிவால்வரை வாங்கி இரண்டே டப்பா தோட்டா சுட்டுவிட்டு, கை வலிக்கிறது என்று விற்பவர்கள் நிறையப் பேர்.

விலை குறைவது எதனால்? எங்கே கை வைக்கிறார்கள்?

இரும்பில் இல்லை, வேலைப்பாட்டில். விளிம்புகளை மழுங்கத் தேய்க்காமல் விட்டிருப்பார்கள், விரலில் உரசும். ட்ரிகர் மணலில் இழுக்கிற மாதிரி நறநறக்கும். தோட்டா அறைகளின் உள்சுவர் சொரசொரப்பாக இருந்தால் சுட்ட கேஸ்கள் (குண்டு போன பிறகு மிஞ்சும் வெற்றுக் கூடுகள்) ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும். ஒரே மாடலில் ஒன்று தங்கமாக இருக்கும், அடுத்தது தொல்லை கொடுக்கும். இவற்றை வைத்திருப்பவர்களிடம் பேசினால் ஒருவர் ஆயிரம் தோட்டா பிரச்சினையில்லாமல் போயிற்று என்பார், இன்னொருவர் முதல் டப்பாவிலேயே திருப்பி அனுப்பினேன் என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான்.

என் முதல் ரிவால்வர் இரண்டாவது வகை. கம்பெனி பெயர் வேண்டாம். நாற்பது தோட்டா சுட்டிருப்பேன். தோட்டா அறைகள் இருக்கிற சுழலும் உருளையை, அதாவது சிலிண்டரைத் திறக்கும் பொத்தானைத் தள்ளினால் அசையவே இல்லை. கேஸ்களை வெளியே தள்ளுகிற எஜெக்டர் கம்பி, அதிர்வில் மரை கழன்று முன்பக்கம் நீண்டு, குழலுக்கு அடியில் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே சுடாத தோட்டா இரண்டு. குழலை இலக்குப் பக்கமே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்தி ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் வந்து கம்பியின் நுனியை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி உள்ளே ஏற்றிய பிறகுதான் சிலிண்டர் திறந்தது. உள்ளங்கை வியர்த்துவிட்டது. கம்பெனிக்கு அனுப்பினேன், ஒன்றரை மாதம் கழித்துச் சரிசெய்து வந்தது, பணம் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஒரு தொல்லையும் இல்லை. இப்போது புதிதாக எதை வாங்கினாலும் ஒவ்வொரு டப்பா முடிந்ததும் எல்லா மரையையும் விரலால் தொட்டுப் பார்க்கிறேன்.

கடையில் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு சிலிண்டரைத் திறங்கள். அறைகள் காலி என்று கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். இரண்டும் செய்ய வேண்டும்.

அடுத்து சிலிண்டரை மூடி, ஒரு விரலால் அதை லேசாக அழுத்திப் பிடித்தபடி ஹேமரை (தோட்டாவை வெடிக்க அடிக்கும் பின்பக்கச் சுத்தியலை) மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் முழுதாகப் போய் நிற்பதற்குள் சிலிண்டர் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். எல்லா அறைக்கும் இப்படிச் செய்து பாருங்கள். ஏதாவது ஓர் அறை பிந்திப் பூட்டினால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். அறையும் குழலும் நேர்க்கோட்டில் இல்லாமல் சுட்டால் ஈயத் துகள் பக்கவாட்டில் தெறிக்கும். பிறகு சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மயிரிழை அசைவு பரவாயில்லை, லொடலொடவென்று ஆடக் கூடாது.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். பிரிண்டரில் போடுகிற காகிதம் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், அதனால் ஒரு காகிதம் நுழைந்தால் நல்லது, மூன்று நுழைந்தால் வேறு ஒன்றைக் கேளுங்கள். பழைய துப்பாக்கி என்றால் குழலின் பின்வாயில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம். வெறும் ட்ரிகரை இழுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். கேட்காமல் செய்தால் எந்தக் கடைக்காரருக்கும் பிடிக்காது.

சின்னது, லேசானது. அப்படியானால் புதியவர்களுக்கும் பெண்களுக்கும் இதுதானே ஏற்றது?

இல்லை. கடைகளில் இந்தத் தவறான பேச்சை இன்னும் கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. சின்ன ரிவால்வர் எடுத்துப்போகச் சுலபம், சுடக் கடினம்.

கணக்கைப் பாருங்கள். துப்பாக்கியின் எடை அரைக் கிலோ. ஹேமரைத் தனியாக இழுக்காமல் சுடும்போது ட்ரிகர் கேட்கிற பலம் 12 பவுண்டு வரை, அதாவது 5 கிலோவுக்கு மேல். அரைக் கிலோப் பொருளை ஆடாமல் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் 5 கிலோ இழுக்க வேண்டும். குழல் குட்டை என்பதால், துப்பாக்கியின் மேல் குறிபார்க்க வைத்திருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. கை கொஞ்சம் அசைந்தாலும் இலக்கில் பெரிதாகத் தெரியும். சுட்ட உடனே அத்தனை உதையும் இலேசான உடம்பின் வழியாகக் கட்டைவிரல் மடிப்பில் வந்து விழும்.

தெரிந்த அக்கா ஒருவர், ஐம்பத்தைந்து வயது, கைமூட்டுகளில் வாதம். கணவர் ஆசையாக அலுமினிய உடம்பு ரிவால்வர் வாங்கிக் கொடுத்திருந்தார். ரேஞ்சில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது பாதி தூரம்கூட வர மாட்டேங்குதே” என்று என் கையில் கொடுத்தார். ஒரு தோட்டாகூட அவரால் சுட முடியவில்லை. அன்றே வாடகைக்கு நடுத்தர அளவு இரும்பு ரிவால்வர், 4 அங்குலக் குழல், எடுத்துக் கொடுத்தோம். ஹேமரை முதலில் இழுத்து வைத்துச் சுட்டார், காகிதத்தின் நடுவில் நாலு ஓட்டை. முகம் மலர்ந்துவிட்டது. வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். 20 டாலர் செலவில் 350 டாலர் மிச்சமாகும்.

எந்தத் தோட்டா போடுவது?

பெரும்பாலும் .38 ஸ்பெஷல். நூறு வருடத்துக்கு மேல் பழையது, இன்னும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, விலை மட்டும் 9 எம்எம் தோட்டாவைவிடக் கூடுதல். பழக ஆரம்பிக்கிறவர்கள் 148 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) வாட்கட்டர் வாங்குங்கள். குண்டின் முகம் தட்டையாக இருக்கும், மெதுவாகப் போகும், உதை குறைவு. காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமாக ஓட்டை விழும். இலேசான ரிவால்வருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

+பி என்று போட்டிருப்பது அதிக அழுத்தம் உள்ளது. உங்கள் துப்பாக்கியின் குழலிலோ கையேட்டிலோ அனுமதி இருந்தால் மட்டும் போடுங்கள். .357 மேக்னம் போடக்கூடிய சின்ன ரிவால்வரும் விற்கிறார்கள். அதில் .38 ஸ்பெஷலும் போடலாம், ஆனால் .38 ரிவால்வரில் .357 போடக் கூடாது. 500 கிராம் துப்பாக்கியில் மேக்னம் சுட்டவர்கள் யாரும் என்னிடம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சுட்டதில்லை. ரொம்ப இலேசான உடம்பில் இன்னொரு சிக்கலும் உண்டு: உதையின் வேகத்தில், சுடாமல் இருக்கிற அடுத்த தோட்டாவின் குண்டு கேஸிலிருந்து மெல்ல முன்னால் நழுவி, சிலிண்டர் சுற்றாமல் தடுத்துவிடும்.

5 தோட்டாவா, 6 தோட்டாவா?

ஆறு என்றால் சிலிண்டர் கொஞ்சம் தடிமன். பாக்கெட்டில் வைப்பவர்களுக்கு அந்தத் தடிமன் தெரியும், இடுப்பு உறையில் வைப்பவர்களுக்குத் தெரியாது. நான் எடுத்துப்போவது ஆறு தோட்டா ரகம்.

7 கஜத்திலேயே குறி தவறுகிறது. துப்பாக்கியில் கோளாறா?

அநேகமாக இல்லை. முதலில் தோட்டாவின் எடையைப் பாருங்கள். இவற்றில் குறி அசைக்க முடியாதபடி உடம்பிலேயே வெட்டியிருக்கும், பெரும்பாலும் 158 கிரெய்ன் குண்டுக்குக் கணக்காக. அதைவிட எடை குறைந்த குண்டு வேகமாகப் போவதால் குழல் மேலெழும்புவதற்குள் வெளியேறிவிடும், அதனால் கீழே படும். தோட்டாவை மாற்றினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

மீதிப் பேருக்குப் பயிற்சிதான். வீட்டில் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சிலிண்டர் காலி என்று இரண்டு தடவை பார்த்து, பயிற்சிக்கான போலித் தோட்டா போட்டு, முன்குறியின் மேல் ஒரு நாணயத்தை நிறுத்தி ட்ரிகரை இழுங்கள். நாணயம் விழாமல் ஹேமர் அடிக்க வேண்டும். தினம் பத்து நிமிடம் செய்தால் ஒரு மாதத்தில் 7 கஜத்தில் தெரியும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. நறநறத்த ட்ரிகரும் இப்படி இழுத்து இழுத்தே வழவழப்பாகும். என் டாரஸ் அப்படித்தான் ஆனது.

நடுவில் சிலிண்டர் சிக்கிக்கொண்டது, ட்ரிகர் இழுக்க வரவில்லை. உடைந்துவிட்டதா?

பத்தில் எட்டுத் தடவை உடைந்திருக்காது. எரியாத வெடிமருந்துத் துகள் கேஸ்களைத் தள்ளுகிற நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கும். மிளகுப்பொடி அளவு துகள் போதும், தகடு மேலே தூக்கிக்கொள்ளும், சிலிண்டர் பின்பக்கம் உரசி நின்றுவிடும். சிலிண்டரைத் திறந்து காலி செய்து, தகட்டைத் தூக்கிப் பிடித்து, பழைய டூத் பிரஷால் அடியில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் முடிந்தது. என் பையில் அதற்கென்றே ஒரு பிரஷ் கிடக்கிறது.

இது வராமலிருக்க, கேஸ்களைக் கொட்டும்போது குழலை வானம் பார்க்க நிமிர்த்திப் பிடித்து, கம்பியை உள்ளங்கையால் ஒரே அடியாகத் தட்டுங்கள். துகள் உள்ளே போகாமல் கீழே கொட்டிவிடும். சப்பை மூக்கில் இந்தக் கம்பியும் குட்டை என்பதால் மெதுவாகத் தள்ளினால் கேஸ் பாதியில் நின்றுவிடும்.

இன்னொன்று: சுடும்போது எந்த விரலும் சிலிண்டரின் முன்பக்கம் போகக் கூடாது. அந்த 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் வருகிற சூடான வாயு தோலைக் கிழித்துவிடும்.

ட்ரிகர் இலேசாக ஸ்பிரிங் மாற்றலாமா?

வேண்டாம். ஹேமரின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் அடியின் பலம் குறைந்து, நமுத்த பட்டாசு மாதிரிச் சில தோட்டாக்கள் வெடிக்காமல் போகும். பிடியை ரப்பராக மாற்றுங்கள், அந்தச் செலவு வீணாகாது.

பாக்கெட்டில் அப்படியே போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. ட்ரிகரை முழுதாக மூடுகிற பாக்கெட் உறை கட்டாயம் வேண்டும், அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் இருக்கக் கூடாது. பாக்கெட்டில் வைப்பதாக இருந்தால் 642 மாதிரி ஹேமர் உள்ளே மறைந்திருப்பது நல்லது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துணியில் மாட்டும்.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. “ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துத்தானே சுடுகிறேன்” என்று நினைக்காதீர்கள், கையில் எடுப்பதே வைத்திருப்பதுதான். மாணவர் விசாவில் வந்து, படிப்பு நின்று, விசா நிலையை இழந்த ஒருவர் ஃப்ளோரிடாவில் ரேஞ்சில் சுட்டதற்காக வழக்கில் மாட்டினார். 2019ல் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் அவர் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம். விசாவில் இருப்பவர்கள் முதலில் குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள். நண்பர்கள் கூப்பிட்டால் தைரியமாக மறுத்துவிடுங்கள்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். அடுத்த மாநிலத்தில் சட்டம் வேறு. எல்லை தாண்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கே வைப்பது?

துப்பாக்கி வாங்கும் பணத்திலேயே பூட்டுப் பெட்டிக்கும் 50, 60 டாலர் ஒதுக்குங்கள். அது முடியாவிட்டால் துப்பாக்கியைத் தள்ளிப் போடுங்கள். பீரோ மேல்தட்டு, மெத்தைக்கு அடி, புடவை அடுக்கு என்று பெரியவர்கள் ஒளித்து வைக்கிற இடமெல்லாம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. டெக்சாஸ் சட்டத்தில், கவனமில்லாமல் வைத்த தோட்டா போட்ட துப்பாக்கி 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குக் கிடைத்தால் வைத்தவர் செய்தது குற்றம்.

பெரியவர்களையும் நினைக்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்து இருந்தால், வேலை போய், தூக்கம் போய் இருந்தால், கொஞ்ச நாளைக்குத் துப்பாக்கி அந்த வீட்டை விட்டு வெளியே இருக்கட்டும். தெரிந்த ஒருவர் என்னிடம் வந்து, “அண்ணா, மூணு மாசம் இதை உங்க பெட்டியில வெச்சுக்குங்க” என்று கேட்டார். காரணம் நான் கேட்கவில்லை. உடனே வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு வைக்கலாமா?

எங்கள் வீட்டில் வைக்கிறோம், பூட்டிய பெட்டியோடு. பெட்டி மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, கார் சாவி, மடிக்கணினி, பிள்ளைகளின் புத்தகங்கள் பக்கத்தில் அதுவும் இருக்கும். வந்தவர்கள் கேட்டாலும் அன்றைக்குப் பெட்டியைத் திறப்பதில்லை. வீடு நிறைய ஆள் இருக்கும் நாளில் துப்பாக்கி கைமாறக் கூடாது.

இந்தியாவில் இந்த மாதிரி கிடைக்குமா? ஊருக்கு எடுத்துப் போகலாமா?

கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்யும் .32 ரிவால்வர்கள் உண்டு. 2014ல் வந்த நிர்பீக் அரைக் கிலோ எடை, அப்போதே விலை 1.22 லட்சம் ரூபாய். அதற்கு முன் உரிமம் வாங்க வேண்டும், அது பெரிய வேலை. இங்கே வாங்கியதை ஊருக்கு எடுத்துப் போகிற பேச்சே வேண்டாம்.

துப்பாக்கியை யாரும் தெரிந்தே எடுத்துப் போவதில்லை. மாட்டுவது தோட்டாவால்தான். இந்திய ஆயுதச் சட்டம் 1959ன்படி உரிமம் இல்லாமல் ஒற்றைத் தோட்டா வைத்திருந்தாலும் குற்றம். ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையையே ஊருக்கும் எடுத்துப்போய், எக்ஸ்ரேயில் தோட்டா தெரிந்து, விமான நிலையத்திலிருந்து காவல் நிலையம் போனவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் கிடந்தது என்று நிரூபித்து வெளியே வருவதற்குள் விடுப்பு முடிந்துவிடும், வழக்கு முடியாது. அதனால் ரேஞ்சுக்கென்று ஒரு பையை ஒதுக்கிவிடுங்கள். என்னுடையது பழைய பச்சைப் பை, கராஜில் ஆணியில் தொங்குகிறது, ரேஞ்சைத் தவிர வேறெங்கும் போவதில்லை. அப்படியும் ஊருக்குக் கிளம்பும் முன், எடுத்துப் போகிற எல்லாப் பையையும் கவிழ்த்து உதறுகிறேன், பக்க ஜிப்பில் விரலை விட்டுத் துழாவுகிறேன், ரேஞ்சுக்குப் போட்டுப் போன ஜாக்கெட்டின் பாக்கெட்டையும் சேர்த்து.